வீட்டுக் கணக்கு: வரவு பாதியான பிறகு

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வாசகி ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் இங்கே அவை இல்லை. மூன்று பக்கம் வரவு செலவுக் கணக்கு. நான்காவது பக்கத்தில்தான் கேள்வி இருக்கிறது.

குடும்பத்தில் ஐந்து பேர். கணவர், மனைவி, மாமியார், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள், ஒன்பதாம் வகுப்பு மகன். ஆறு மா நிலம், அதாவது இரண்டு ஏக்கர். சம்பா ஒரு போகம். இரண்டு மாடுகள், ஒன்று கறவையில், இன்னொன்று சினையாகி வற்றிப்போயிருக்கிறது. மாமியாருக்கென்று இரண்டு வெள்ளாடுகள். கணவர் பதினைந்து வருடமாக அடுத்த ஊர்க்காரரின் டிராக்டரை ஓட்டிவந்தார். சீசனில் கூடவும் மற்ற நாளில் குறைவாகவும் வந்தாலும், வருடத்துக்குச் சராசரி பார்த்தால் மாதம் 9,000 ரூபாய். ஆடி மாதம் சேற்றுழவில் வண்டி சரிந்து முதுகில் அடி. அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. ஆனால், ஒரு வருடத்துக்கு வண்டி ஏறக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கேள்வி இதுதான்: மகளின் படிப்பை ஒரு வருடம் நிறுத்திவைக்கலாமா? அல்லது வற்றிய மாட்டை விற்கலாமா? அல்லது அடகில் இருக்கும் தோட்டையும் சங்கிலியையும் அப்படியே விட்டுவிடலாமா? கணவரிடம் இதைப் பேச முடியவில்லை. நோட்டை எடுத்தாலே அவர் எழுந்து வெளியே போய்விடுகிறார் என்றும் எழுதியிருக்கிறார்.

முதலில் வரவைப் பார்க்க வேண்டும். விவசாய வீட்டில் மாதக் கணக்கு என்பது பாதிப் பொய். நெல் பணம் தை, மாசியில் ஒரே நாளில் வரும். செலவு பன்னிரண்டு மாதமும் வரும். அதனால் எல்லாவற்றையும் வருடத்துக்குக் கூட்டி, பன்னிரண்டால் வகுத்துத்தான் பார்க்க வேண்டும். இந்த வீட்டில் சம்பா நெல் செலவு போக 48,000. பால் பணத்தில் தீவனச் செலவு போக மாதம் 3,000, வருடத்துக்கு 36,000. மகளிர் உரிமைத் தொகை 12,000. பி.எம். கிசான் மூன்று தவணையில் 6,000. டிராக்டர் கூலி 1,08,000. மொத்தம் 2,10,000; மாதத்துக்கு 17,500. டிராக்டர் கூலி நின்றதும் 1,02,000 ஆகிவிட்டது, மாதத்துக்கு 8,500. பாதிக்கும் கீழே.

செலவுப் பக்கத்தில் அவர் எழுதியிருப்பது: மளிகை, அரிசி, எண்ணெய், காய்கறி 4,800. மீன், கறி 1,200. காஸ் 450. கரண்ட், கேபிள், மூன்று போன் ரீசார்ஜ் 1,250. பெட்ரோல் 1,500. மகளின் கல்லூரிச் செலவு 1,600. மகன் டியூஷன் 500. மாமியார் மருந்து 700. பெண்கள் குழுக் கடன் வாரம் 650 வீதம் 2,600. அடகுக் கடை வட்டி 800. மொய், செய்முறை 1,000. கணவரின் கைச்செலவு 1,000. ஆக 17,400. வரவு 17,500 இருந்தவரை வண்டி ஓடியிருக்கிறது. இப்போது மாதம் 8,900 துண்டு விழுகிறது.

கணக்கை இவ்வளவு ஒழுங்காக எழுதுகிற வீடுகள் குறைவு. ஆனாலும் இரண்டு இடத்தில் சறுக்கல் இருக்கிறது.

ஒன்று, வாரத் தவணை. வாரம் 650 என்றால் மாதம் 2,600 என்று எழுதியிருக்கிறார். வருடத்தில் 48 வாரம் இல்லை, 52 வாரம். உண்மையில் மாதத்துக்கு 2,817 ரூபாய் போகிறது. ஐந்து வாரம் வருகிற மாதங்களில் எங்கோ பணம் காணாமல் போனதுபோல் தோன்றுவதற்குக் காரணம் இதுதான். குழுக் கடன் வாங்கிய எல்லா வீட்டிலும் இந்தத் தவறு நடக்கிறது.

இன்னொன்று பெரியது. மகள் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர் என்று கடிதத்தின் ஓரத்தில் ஒரு வரி இருக்கிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவர் வங்கிக் கணக்குக்கு வருகிறது. அந்தப் பணம் வரவில் எங்குமே எழுதப்படவில்லை. ‘அது பிள்ளையுடைய காசு’ என்று அம்மா விட்டுவிட்டார். கல்லூரிச் செலவு 1,600 என்றால், வீட்டுக்கு உண்மையில் ஆகிற செலவு 600 ரூபாய்தான். படிப்பை நிறுத்தினால் மிச்சமாவது அந்த 600. நிறுத்திய பெண்ணுக்கு உதவித்தொகையும் நின்றுபோகும். கிராமத்தில் ஒரு பெண் கல்லூரியை விட்டு வீட்டில் உட்கார்ந்தால், ஆறு மாதத்தில் அடுத்த பேச்சு கல்யாணம்தான். அது 600 ரூபாயில் முடிகிற பேச்சு அல்ல. ஆகவே முதல் கேள்விக்குப் பதில்: நிறுத்தக் கூடாது. கணக்குப் பார்த்தாலும் கூடாது, கணக்குப் பார்க்காவிட்டாலும் கூடாது.

வற்றிய மாடு ஏழு மாதச் சினை என்கிறார். இப்போது விற்றால் வியாபாரி வற்றிய மாட்டு விலைதான் சொல்வார். கன்று போட்ட பிறகு அதே மாட்டின் விலை வேறு. அதோடு, இன்றைக்குப் பால் கொடுக்கிற மாடு வற்றும் நேரத்தில் இது கறவைக்கு வந்தால்தான் மாதம் 3,000 என்கிற வரவு அறுபடாமல் இருக்கும். அந்த மாடு இருக்கட்டும்.

அடகு நகைதான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய இடம். ஒரு பவுன் சங்கிலி 27,000-க்கும், அரைப் பவுன் தோடு 13,000-க்கும் தனித்தனி ரசீதில் மூன்று வருடமாக இருக்கின்றன. நூற்றுக்கு இரண்டு வட்டி. கேட்க எளிதாக இருக்கிறது. வருடத்துக்கு நூற்றுக்கு 24. இதுவரை கட்டிய வட்டி மட்டும் 28,800 ரூபாய். வாங்கிய கடனே 40,000தான். இப்படியே விட்டுவிடலாமா என்று கேட்பது, நகை ஏலத்துக்குப் போகட்டுமா என்று கேட்பதாகும். மூன்று வருடத்துக்கு முன் தங்கம் விற்ற விலை வேறு. 2025 ஜனவரியிலேயே பவுன் 60,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. அரைப் பவுன் தோடு, கழிவு போனாலும் 30,000-க்கு அருகில் நிற்கும் சொத்து. 13,000 கடனுக்காக அதைக் கைவிடுவது வீண்.

செய்யக்கூடியது இது. தை மாதம் நெல் பணம் கைக்கு வந்ததும் அதில் 13,000 எடுத்துத் தோட்டை மீட்க வேண்டும். மறுநாளே தோட்டை விற்று, எடுத்த 13,000-ஐ நெல் கணக்கில் திரும்பப் போட்டுவிட வேண்டும். மீதி 17,000 ரூபாயைச் சங்கிலிக் கடனில் கட்டினால் அது 10,000-க்கு இறங்கும். மாத வட்டி 800 என்பது 200 ஆகும். தோடு அம்மா போட்டுவிட்டது, விற்க மனம் வரவில்லை என்றால் இன்னொரு வழி உண்டு. இரண்டையும் மீட்டு, ஊரிலுள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ வங்கியிலோ மறு அடகு வைப்பது. வட்டி நூற்றுக்குப் பத்து என்று வைத்தாலும் வருடத்துக்கு 4,000தான். இப்போது கட்டுவது 9,600. ஆனால் கடன் அப்படியே நிற்கும். வரவு பாதியான வருடத்தில் கடனைக் குறைப்பதா, வட்டியைக் குறைப்பதா என்றால், கடனைக் குறைப்பதே மேல். தோடு யாருடையதோ அவரே முடிவு செய்யட்டும்.

இனி மற்றச் செலவுகள். இதில் எல்லாவற்றிலும் கை வைக்க வேண்டியதில்லை.

அரிசி: ரேஷனில் 20 கிலோ விலையில்லாமல் வருகிறது. போதாமல் மாதம் ஒரு 25 கிலோ சிப்பம் 1,400 ரூபாய்க்குக் கடையில் வாங்குகிறார்கள். ஆறு மா சம்பா போடுகிற வீடு, நெல் முழுவதையும் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டுக் கடையில் அரிசி வாங்குகிறது! முன்பெல்லாம் நடக்காத காரியம். இன்று டெல்டாவில் பாதி வீட்டில் இதுதான். வருடத்துக்கு 300 கிலோ அரிசி வேண்டுமென்றால் 60 கிலோ மூட்டையில் எட்டு மூட்டை நிறுத்திக்கொண்டால் போதும். அதனால் நெல் வரவில் 12,000 குறையும். கடையில் கொடுக்கும் 16,800 நிற்கும். அவித்து அரைக்கிற செலவு 1,500 போனாலும் வருடத்துக்கு 3,000-க்கு மேல் மிச்சம்; தவிடு மாட்டுக்கு. பெரிய தொகை இல்லைதான். ஆனால் வீட்டில் நெல் மூட்டை இருந்தால் ஆனி, ஆடியில் யாரிடமும் அரிசிக்குக் கை நீட்ட வேண்டாம்.

பருப்பும் எண்ணெயும்: ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். ‘எங்களுக்குப் பாமாயில் பிடிக்காது’ என்று எழுதியிருக்கிறார். பொரிப்பதற்கு அதை வைத்துக்கொண்டு, தாளிக்க மட்டும் கடலை எண்ணெய் வாங்கினால் பாதியாவது குறையும். கீரை, முருங்கை, பரங்கி, அவரை இவற்றைக் காசு கொடுத்து வாங்குகிற வீடாக இது இருக்கக் கூடாது. கொல்லை இருக்கிறது, மாட்டு எரு இருக்கிறது, பகலெல்லாம் வீட்டில் இருக்கிற மாமியார் இருக்கிறார். மளிகை 4,800 என்பது, அரைவைக் கூலி சேர்த்து 2,900-க்கு வரலாம். மீன், கறி 700. முட்டையையும் பிள்ளைகள் குடிக்கிற பாலையும் குறைக்க வேண்டாம். சொசைட்டிக்கு அரை லிட்டர் கூட ஊற்றிக் கிடைக்கிற காசைவிட, வளர்கிற பையன் குடிக்கிற அரை லிட்டர் பெரிது.

பெட்ரோல் 1,500 என்பது கணவர் வேலைக்குப் போனபோது ஆன செலவு. வண்டி நின்ற பிறகும் அதே தொகை எழுதப்பட்டிருக்கிறது, 500 போதும். மகள் கல்லூரிக்குப் போகிற வழியில் சாதாரண நகரப் பேருந்து ஓடினால் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கேபிள், போன் மூன்றில் ஒன்றைக் குறைத்து 750. மாமியாருக்குச் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும். இரண்டுக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வரும். துணை சுகாதார நிலையத்து நர்ஸிடம் பெயரைப் பதிய வேண்டும். 700 ரூபாய் 200 ஆகும். மகனின் டியூஷன் 500-ஐத் தொட வேண்டாம். அடுத்த வருடம் பத்தாம் வகுப்பு.

மொய் விஷயம் எல்லோரும் பேசத் தயங்குவது. வரவு குறைந்த வருடத்திலும் மொய் குறையக் கூடாது என்பது ஊர் எழுதாத சட்டம். மொய் நோட்டை எடுத்துப் பார்த்தால் இரண்டு வகைப் பெயர் இருக்கும். ஏற்கெனவே நமக்குச் செய்தவர்கள். அவர்களுக்கு வாங்கிய அளவு திரும்பப் போட்டே ஆக வேண்டும், கூட்டிப் போட வேண்டியதில்லை. மற்றது, நாம் முதல் தடவையாகப் போடுகிற இடம். அங்கே முதல் நாளே போய் ஒத்தாசையாக நின்று, நூறு ரூபாய் எழுதினால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். சுளித்தால் அந்த உறவின் விலை தெரிந்தது என்று வைத்துக்கொள்ளலாம். 1,000 என்பது 500 ஆகட்டும்.

கணவரின் கைச்செலவு. இதை முழுக்க நிறுத்திவிட்டேன் என்று அந்த அம்மா எழுதியிருக்கிறார். அது தவறு. பதினைந்து வருடம் சம்பாதித்துக் கொடுத்த மனிதர் டீக்கடையில் பத்து ரூபாய்க்கு மனைவியிடம் கை நீட்ட வேண்டியிருந்தால், நீட்ட மாட்டார்; வெளியில் கடன் சொல்வார். மாதம் 400 ரூபாயை ஒன்றாம் தேதி கணக்குக் கேட்காமல் கையில் கொடுத்துவிட வேண்டும்.

இவ்வளவும் செய்தால் செலவு எங்கே நிற்கிறது? மளிகை 2,900, மீன் கறி 700, காஸ் 450, கரண்ட் போன் 750, பெட்ரோல் 500, கல்லூரி 1,600, டியூஷன் 500, மருந்து 200, மொய் 500, கைச்செலவு 400. மொத்தம் 8,500. கடன்கள் தனி: வாரத் தவணை 2,817, அடகு வட்டி 800. ஆக 12,117.

வரவு: அரிசிக்கு நெல் நிறுத்தியது போக மாதம் 7,500. மகளின் உதவித்தொகை 1,000. இங்கே கடிதத்தில் இன்னொரு வரி. அந்த அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போவதில்லை. ‘டிரைவர் வீட்டுப் பொண்ணு கூலிக்குப் போகக் கூடாது’ என்று கணவர் சொல்லியிருந்தாராம். இந்த ஒரு வருடம் போகத்தான் வேண்டும். விவசாயக் கூலியும், கிடைக்கிற நாளில் நூறு நாள் வேலையும் சேர்த்துச் சராசரி மாதம் 2,500 என்று வைத்தால் வரவு 11,000.

அப்படியும் தை வரை மாதம் 1,117 ரூபாய் துண்டு விழும். தோட்டை விற்றபின் 517. குழுக் கடனில் இன்னும் 30 வாரம், ஏழு மாதம் பாக்கி. முதல் நான்கு மாதத்துக்கு 4,468, அடுத்த மூன்று மாதத்துக்கு 1,551; கூட்டினால் சுமார் 6,000. மாமியாரின் கிடா ஒன்றை விற்றால் இது அடையும். நேர்ந்துவிட்ட கிடாவா என்று கடிதத்தில் இல்லை; இருந்தால் மாமியாரைத்தான் கேட்க வேண்டும். வங்கியில் போன வருட நெல் பணம் 17,000 இருக்கிறதாம். அதில் 12,000 தை வரை மாதம் 3,000 வீதம் வீட்டுக்கு. மீதி 5,000 புது நெல் வரும்வரை அரிசி வாங்க. வேறு எதற்கும் அதைத் தொடக் கூடாது. வைகாசியில் குழுக் கடன் முடிந்துவிட்டால் மாதம் 2,300 மிஞ்சத் தொடங்கும். அதுவரை மூச்சு முட்டும். இடையில் குழுவில் வந்து, ‘பழைய கடனைக் கழித்துக்கொண்டு புதுக் கடன் தருகிறோம்’ என்பார்கள். கையில் பத்தாயிரம் வரும். முப்பது வாரம் மறுபடி நூறு வாரம் ஆகும். அந்தக் கையெழுத்தைப் போடவே கூடாது.

இந்தக் கணக்கு முழுவதும் ஆறு மா சம்பாவின் மேல் நிற்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழை டெல்டாவில் என்ன செய்யும் என்று இந்தப் பகுதி வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பயிர்க் காப்பீட்டில் சம்பா நெல்லுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவிகிதம், ஏக்கருக்குச் சில நூறு ரூபாய். வழக்கமாக நவம்பர் நடுவில் கடைசி நாள் வந்துவிடும். அடங்கல், ஆதார், வங்கிப் புத்தக நகலோடு கூட்டுறவுச் சங்கத்துக்கோ இ-சேவை மையத்துக்கோ இந்த வாரமே போக வேண்டும். மளிகை பாக்கி வைத்தாவது இதைக் கட்டலாம். சங்கத்தில் பயிர்க் கடன் இருந்தால், தவணைக்குள் கட்டினால்தான் வட்டி இல்லை என்பதும் நினைவிருக்கட்டும். கணவரின் முதுகுக்குப் பின்னால் அறுவை சிகிச்சை என்று ஏதாவது வந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை இருக்கிறது. அட்டை இல்லையென்றால், ரேஷன் கார்டும் வருமானச் சான்றும் எடுத்துக்கொண்டு போய் நல்லாயிருக்கும்போதே பதிந்துவைக்க வேண்டும்.

ஒரு வரவு மட்டும் இங்கே சேர்க்கப்படவில்லை. சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால் ஈரத்தில் ஏக்கருக்குப் பத்துக் கிலோ உளுந்து தெளிப்பது டெல்டாவின் பழைய வழக்கம். இந்த வீட்டில் இரண்டு வருடமாகத் தெளிக்கவில்லை; அறுவடை சீசனில் கணவர் டிராக்டரோடு வெளியூர் போய்விடுவார். இந்த வருடம் அவர் வீட்டில் இருக்கிறார். அறுவடை இயந்திரம் மிதிக்கிற இடம் வீணாகும், பனி காய்ச்சினால் வரும், மழை வந்தால் போகும். அதனால் வந்தபிறகு எழுதினால் போதும். வந்தால், சங்கிலிக்கு நிற்கும் 10,000 அடைய அதுவே வழி.

கடைசியாகக் கணவர். அவர் எழுந்து போவதற்குக் கோபம் காரணமாக இருக்காது. கடிதத்தில் ஓரிடத்தில், டிராக்டர்காரரிடம் முன்பணம் வாங்கியிருப்பாரோ என்று சந்தேகம் தெரிகிறது. அப்படி ஒரு கைக்கடன் இருந்தால் மேலே போட்ட கணக்கு ஒரே வாரத்தில் உடையும். அதனால் நோட்டை அவரிடமே கொடுத்துவிட வேண்டும். செலவை மனைவி சொல்லட்டும், அவர் எழுதட்டும். பக்கத்தில் மகளும் உட்காரட்டும். தன் கையால் எழுதுகிறவர் தன் கடனையும் ஒருநாள் எழுதிவிடுவார். அன்றைக்கு யாரும் சத்தம் போடக் கூடாது. பதினைந்து வருடம் எந்த வயலில் எத்தனை மணி ஓட்டினோம் என்று மனக்கணக்காகவே வைத்திருந்தவருக்கு இது தெரியாத வேலை அல்ல. அந்த டிராக்டர்காரருக்கே மணிக்கணக்கு எழுதி வாடகை வசூலித்துக் கொடுக்க ஆள் தேவைப்படலாம். கேட்டுப் பார்க்கலாம்.

*

தர்மபுரி மாவட்ட வாசகர் ஒருவர்: திருப்பூரில் வேலை பார்க்கும் மகனுக்கு ஷிப்ட் குறைந்து, அனுப்பும் பணம் பாதியாகிவிட்டது. மாதம் 2,000 ரூபாய்ச் சீட்டை நிறுத்தலாமா, அல்லது இப்போதே தள்ளி எடுத்துவிடலாமா?

வீட்டுச் செலவுக்காகப் பெரிய தள்ளுக்குச் சீட்டு எடுத்தால், எடுத்த பணம் மூன்று மாதத்தில் தீரும். கட்ட வேண்டிய தவணை கடைசி மாதம் வரை இருக்கும். இன்னும் எடுக்காத சீட்டு என்றால், சீட்டுப் பிடிப்பவரிடம் பேசி வேறொருவர் பெயருக்கு மாற்றிவிட்டு, கட்டிய தொகையைப் பெறுவதே நல்லது. சொல்லாமல் இரண்டு தவணை நிறுத்திவிட்டுப் பிறகு போனால் பேச்சு எடுபடாது. இந்த மாதத் தவணையைக் கட்டும்போதே கேட்டுவிட வேண்டும்.

விழுப்புரம் மாவட்ட வாசகி ஒருவர்: நாள் வட்டிக்கு 10,000 வாங்கி, அதைவிடக் கூடக் கட்டியாகிவிட்டது. இன்னும் அசல் நிற்கிறது என்று வீட்டு வாசலில் வந்து சத்தம் போடுகிறார்கள்.

நாள் வட்டி, மீட்டர் வட்டி, கந்து வட்டி எல்லாமே தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கட்டிய தேதியும் தொகையும் நினைவிருக்கிறவரை ஒரு தாளில் எழுதி, காவல் நிலையத்திலோ ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளிலோ மனுவாகக் கொடுக்கலாம். தனியாகப் போக வேண்டாம். அதே ஆளிடம் வாங்கிய இன்னும் நான்கு வீட்டுப் பெண்கள் அந்தத் தெருவிலேயே இருப்பார்கள். எல்லோருமாகப் போய் மனுவைக் கொடுத்து, ரசீதை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.